கல்யாணத்துக்கு ஒரு கெம்ஸ்பொக்

மல்லி விதை வறுக்கும்போது பீனா யாரோடும் பேசமாட்டாள். பேச்சில் கவனம் போனால் விதை கருகிவிடும், கருகிய மல்லியைத் தடவினால் உப்புக்கண்டம் முழுக்கக் கசக்கும். அன்றைக்கு இந்தப் பழக்கம் அவளுக்குக் கைகொடுத்தது. அவள் முதுகுக்குப் பின்னால், சமையலறையிலேயே, கணவன் மானுஸும் அவன் தம்பி ஃப்ரிக்கியும் வேட்டைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் எதைச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் அவள் வாணலியையே பார்த்துக் கிளறிக்கொண்டிருந்தாள்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். மானுஸால் இந்த வருஷம் போக முடியாது.

அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரெஹோபோத் ஊரில் பாதி வீடுகளுக்குச் செங்கல் அடுக்கிய முதுகு, ஏப்ரலில் தலைநகர் விண்ட்ஹுக்கின் ஆஸ்பத்திரியில் கத்தி வைக்கும்படி ஆகிவிட்டது. குலுங்குகிற வண்டியில் போகக்கூடாது, துப்பாக்கியின் உதையை வாங்கக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது, வேறு யாருக்கோ சொல்வதுபோல மானுஸ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். நாற்காலியில் உட்கார்ந்தால் வலி. அதனால் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றபடியேதான் இந்தத் திட்டமெல்லாம்.

"விறகை இங்கிருந்தே எடுத்துட்டுப் போயிடணும்" என்றான் மானுஸ். "ஜூலியஸ் பண்ணையில விறகு கிடைக்கும்தான். ஆனா அவன் குடுக்குறது பூரா ஈரம். போன தடவை ஈரல் வேகுறதுக்குள்ள பசியே செத்துப்போச்சு."

"சரிண்ணே."

"தண்ணி ரெண்டு பெரிய கேன். உப்பு ரெண்டு மூட்டை. கறி ஊறப்போடக் காடி, பெரிய பாட்டில். முன் சீட்ல நான்."

ஃப்ரிக்கி காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தான். மேசை ஆடியது, காப்பி தளும்பியது. ஒரு கால் குட்டையான மேசை. பீனா அட்டையை மடித்து அடியில் செருகுவாள், வாரத்துக்கொரு முறை அது நசுங்கிப்போகும்.

"அண்ணே, முன் சீட்டுல எதுக்கு? பின்னாடி மெத்தை போட்டுப் படுக்க வச்சே கூட்டிட்டுப் போறோம். நம்ம வண்டியைப் பார்த்ததும் ஜூலியஸ் கேப்பான், என்னடா, மானை ஊர்லயே சுட்டுக் கொண்டாந்துட்டீங்களான்னு."

மானுஸ் சிரித்தான். சிரித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். பீனா திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மூச்சுச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் அடம்பிடிக்கக் காரணம் இருந்தது. ஆகஸ்டில் மகள் ரோவீனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஆடு தருகிறார்கள். மான் கறி பெண் வீட்டுப் பொறுப்பு. அதிலும் மானுஸின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணமக்கள் தட்டில் முதலில் விழும் துண்டு, பெண் பிறந்த வீட்டில் இருப்பவர் சுட்ட கெம்ஸ்பொக்கினுடையதாக இருக்க வேண்டும். ஈட்டிபோல நேராக நிற்கும் கொம்புகளும், யாரோ கரியால் கோடு இழுத்தாற்போல முகமும் கொண்ட மான் அது. மானுஸின் அப்பா தன் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் சுட்டார். அதே துப்பாக்கிதான் இன்றைக்கும் இரும்பு அலமாரியில் இருக்கிறது. மானுஸுக்கு இருப்பதோ ஒரே பெண்.

"நான் சுட்டா ஆகாதாண்ணே?" என்று ஃப்ரிக்கி மெதுவாகக் கேட்டான். "சித்தப்பன்தானே."

"நீ உன் வீட்ல இருக்கே. உனக்குப் பொண்ணு பொறந்தா சுடு."

"எனக்கு நாலும் பையனுங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

மல்லி பொரிய ஆரம்பித்தது. பீனா அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் மத்தியானம் மானுஸே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டான். ஊருக்கு வெளியே வறண்ட ஆற்றை ஒட்டி ஒரு சரளைச் சாலை போகிறது. ஜூலியஸின் பண்ணைக்குப் போகும் சாலையைப்போலவே அலை அலையாக மேடு பள்ளம். அதில் ஒரு நடை போய் வரலாம் என்று ஃப்ரிக்கியைக் கூப்பிட்டான். பிக்கப்பில் ஏறும்போது பீனாவைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினான், கலஹாரிப் பாலைவனத்துக்கே கிளம்பிவிட்டவன் மாதிரி.

காப்பி ஆறுவதற்குள் திரும்பிவிட்டார்கள். மானுஸின் முகம் சாம்பல் பூத்திருந்தது. ஃப்ரிக்கி ஒரு வார்த்தை பேசாமல் அவனைச் சமையலறைவரை நடத்திக்கொண்டு வந்து, அண்ணியிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் போனான். மானுஸ் சுவரைப் பிடித்து, மண்டியிட்டு, அப்படியே சிமெண்டுத் தரையில் மல்லாந்தான். வலி எடுத்தால் அவனுக்கு இதமாக இருக்கும் ஒரே இடம் அதுதான்.

பீனா சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, அவன் பக்கத்தில் தானும் தரையில் படுத்துக்கொண்டாள். இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

"அந்த மூலையில பாரு, சிலந்தி கூடு கட்டியிருக்கு" என்றான் மானுஸ்.

"ஏப்ரல்ல இருந்து தினமும் பாத்துட்டுத்தானே இருக்கே. இன்னைக்குத்தான் சொல்லணும்னு தோணுச்சா?"

"சொன்னா தொடப்பத்த எடுத்துடுவே. அது எனக்குத் துணையா இருந்துச்சு."

பிறகு அவன் சொன்னான்: "ஃப்ரிக்கியே சுடட்டும்."

கேட்டபோது பீனாவுக்கு நிம்மதி வரவில்லை, அழுகைதான் வந்தது. அதை விழுங்குவதற்காக ஏதாவது பேச வேண்டியிருந்தது. வாயில் வந்தது இதுதான்:

"நான் சுடுறேன்."

மானுஸ் தலையை மட்டும் திருப்பினான்.

"நானும் இந்த வீட்லதானே இருக்கேன்" என்றாள்.

"நீ கடைசியா எப்போ சுட்டே?"

"உன்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி. எங்கப்பா பட்டியில ஆட்டுக்குட்டியத் தூக்க வந்த நரிய."

"அடிச்சியா?"

"ஓடுற நரி. காதுக்குக் கீழ."

"இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீ ஒவ்வொரு வருஷமும் வேட்டை முடிஞ்சு வந்து உன் கதையைச் சொல்லி முடிக்கவே மூணு நாள் ஆகும். நடுவுல எங்க சொல்றது?"

மானுஸ் சிரித்து, முனகி, மறுபடி சிரித்தான்.

சொல்லிவிட்டாளே தவிர, அன்று மாலைக்குள் பீனாவுக்கு நூறு சந்தேகம். நரியைச் சுட்டது இருபது வயதுக் கை. இப்போது இருப்பது பள்ளிக்கூட விடுதிக்கு ரொட்டி மாவு பிசைகிற கை. பலம் உண்டு, நிதானம் இருக்கிறதா? கண் எப்படி? அடிபட்ட கெம்ஸ்பொக் புதரில் போய்ப் படுத்துக்கொண்டு, நெருங்கி வருகிறவனைக் கொம்பால் குத்தும். அதைவிட, தன்னால் ஒரு பிராணி வயிற்றில் குண்டோடு இரவெல்லாம் அலைந்தது என்றால் அந்தக் கறியை எந்த முகத்தோடு மகள் தட்டில் வைப்பது?

பண்ணைக்காரன் ஜூலியஸும் அதையேதான் தொலைபேசியில் கேட்டான். மானுஸின் பெரியப்பா மகன் அவன். உறவு வேறு, மான் வேறு என்பவன்.

"பீனா, தப்பா நினைக்காதே. என் நிலத்துல சுடணும்னா யாரா இருந்தாலும் ஒரே சட்டம்தான். நூறு மீட்டர். மூணு குண்டு. மூணும் காப்பித் தட்டு ஒண்ணுக்குள்ள அடங்கணும். அடங்கலேன்னா சமைக்க வா, சந்தோஷமா வா. சுட வராதே."

"ஜூலியஸ், உன் பண்ணையில சமைக்கவும் மாட்டேன். உன் விறகு ஈரமாம்."

"யாரு சொன்னது? மானுஸா? அவன்கிட்ட குடு போனை!"

ஊர் ஓரத்தில் ஃப்ரிக்கியின் காலி மனை இருந்தது. பின்னால் மண்மேடு, சுட்டுப் பழக அதுதான் இடம். சனிக்கிழமை மத்தியானம், அந்த நாட்டு ஜூலை மாதக் குளிர்காலத்தின் சுள்ளென்ற வெயிலில், மெல்லிய சட்டையோடு பீனா மணல் மூட்டைமேல் துப்பாக்கியை வைத்துக் குனிந்தாள். மானுஸ் வரவில்லை. வந்தால் அவள் கை நடுங்கும் என்று அவனே சொல்லிவிட்டான்.

துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டை அவளுக்கு நீளம். மானுஸின் அப்பா நெட்டை, மானுஸும் நெட்டை. கட்டை தோளில் பதிந்தால் கண்ணுக்கு, குறி பார்க்கும் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரியவில்லை. ஒரு பக்கம் கறுப்பாக மறைத்தது. கழுத்தை நீட்டினால்தான் தெரிந்தது. மண்மேட்டில் நட்டிருந்த அட்டையில் தட்டளவுக்கு வரைந்த வட்டத்தின் ஓரத்தை முதல் குண்டு தொட்டது. பரவாயில்லை என்று இன்னும் கொஞ்சம் கழுத்தை நீட்டினாள். இரண்டாவது வெடித்தபோது ஸ்கோப்பின் விளிம்பு பின்னால் வந்து புருவத்தில் இறங்கியது.

இரத்தம் கண்ணில் வழிந்தது. ஃப்ரிக்கி கைக்குட்டையோடு ஓடி வந்தான்.

"அண்ணி, மானைச் சுடச் சொன்னா உங்களையே சுட்டுக்கிட்டீங்களே!"

"மூணாவது பாக்கி இருக்கு. தள்ளு."

மூன்றாவதைச் சுடும்போது அவள் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டாள். அது அவளுக்கே தெரிந்தது. குண்டு அட்டையிலேயே இல்லை.

வீட்டில் மானுஸ் நின்றபடியே வெந்நீரில் பஞ்சை நனைத்துக் காயத்தைத் துடைத்தான். பிறை நிலா மாதிரி வெட்டு. அவன் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு வயசாயிடுச்சு மானுஸ். ஜூலியஸுக்குப் போன் பண்ணி ஃப்ரிக்கி சுடுவான்னு சொல்லிடு."

"துப்பாக்கி எப்படி இருந்துச்சு?"

"துப்பாக்கி நல்லாத்தான் இருந்துச்சு."

அந்தத் துப்பாக்கியை அவன் மற்றவர்கள் தொடக்கூட விடமாட்டான். அவனுடைய அப்பாவின் கன்னம் உரசி உரசி மரத்தில் ஓரிடம் கறுத்து மின்னும். அதைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மானுஸ் அவளையும் காயத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ம்" என்றான்.

திங்கட்கிழமை அவள் விடுதி வேலை முடிந்து வந்தபோது மத்தியான வெயில் சமையலறைவரை வந்திருந்தது. மானுஸ் மேசையருகே நின்றிருந்தான். மேசைமேல் துப்பாக்கி, பென்சில், காகித ஒட்டு நாடா, அவனுடைய சின்னப் பல் ரம்பம். குண்டு எதுவும் இல்லை என்று துப்பாக்கியைத் திறந்து காட்டினான்.

"உன் தடிச்ச ஜாக்கெட்டப் போட்டுக்கோ."

"இந்த வெயில்லயா?"

"மான் வெயில்லயா வரும்? விடியக்காலம் உறைபனியில வரும். நீ அந்த ஜாக்கெட்லதான் நிப்பே. ஃப்ரிக்கி மடையன், உன்னைச் சட்டையோட சுட வச்சிருக்கான். சட்டையிலேயே இந்த அடின்னா, ஜாக்கெட் கனமும் சேர்ந்தா கட்டை இன்னும்ல நீளும்? போடு."

போட்டுக்கொண்டாள். கழுத்தில் வியர்த்தது. கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோகச் சொன்னான். கொண்டுபோனாள்.

"இப்போ கண்ணத் தொற. கழுத்த நீட்டாதே. என்ன தெரியுது?"

"முழுசாத் தெரியுது."

"பீனா."

"...பாதி கறுப்பு."

"அப்புறம் ஏன் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொன்னே?"

அவள் மரத்தில் அந்தக் கறுத்த இடத்தை விரலால் தடவினாள். அவன் இன்னும் இரண்டு மூன்று முறை அப்படியே செய்யச் சொல்லி, அவள் முழங்கை மடிப்புக்கும் விசைக்கும் நடுவே விரல் வைத்து அளந்து, கட்டையின் பின்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட்டான். மரம் சிலாம்பு எடுக்காமல் இருக்க நாடாவைச் சுற்றினான். அப்போதுதான் ரம்பம் எதற்கென்று அவளுக்கு உறைத்தது.

"மானுஸ், வேண்டாம். இது உங்கப்பா துப்பாக்கி."

"அவரு வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

"அறுத்துட்டா அறுத்ததுதான். அப்புறம் உனக்கு நீளம் பத்தாது."

"தெரியும்."

அவ்வளவுதான் சொன்னான். அவன் கை கோட்டின்மேல் ரம்பத்தை வைத்திருந்தது. கண் அவளைப் பார்த்தது. ஏப்ரலிலிருந்து யாரும் அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லாததை அவன் அந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டான் என்று பீனாவுக்குப் புரிந்தது. இந்த வருஷம் மட்டுமல்ல.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றான். "நான் குனிய முடியாது. மேசை வேற ஆடித் தொலையும்."

அவள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் துப்பாக்கியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். செங்கல்லில் மட்டம் பார்த்துப் பழகிய கை. ரம்பம் ஓரிடத்திலும் பிசகவில்லை. வழியில் ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கினான். முதுகு வலியாலா வேறு எதனாலா என்று அவள் கேட்கவில்லை. கடைசியில், விரல் தடிமனுக்கு ஒரு மரத் துண்டு தனியாகப் பிரிந்து மேசையில் விழுந்தது. ஒரு பக்கம் எண்ணெய் ஊறிக் கறுப்பு. அறுத்த பக்கம் புது மரம்போல வெளிறிப்போய், வால்நட் மர வாசம்.

பீனா அதைக் கையில் எடுத்தாள். அவள் மூக்கு சிவந்துவிட்டது.

"அழாதே. வேர்வையும் கண்ணீரும் சேர்ந்து என் துப்பாக்கி துருப்பிடிக்கப்போகுது" என்றான் மானுஸ். பிறகு, "உன் துப்பாக்கி" என்று திருத்திக்கொண்டான். "அந்தத் துண்டைக் குடு. இல்ல, நீயே வை. நான்தான் குனிய முடியாதே. அந்தக் காலுக்கு அடியில."

"எதை? இதையா? மேசைக்கா?"

"பின்ன என்ன, சட்டம் போட்டு சர்ச்சுல மாட்டணுமா? எங்கப்பா இந்த மேசையில சாப்பிட உக்காரும்போதெல்லாம் இந்தக் காலைத் திட்டிட்டேதான் சாப்பிட்டாரு. செய் சொல்றேன்."

அவள் மண்டியிட்டு, நசுங்கிய அட்டையை உருவிவிட்டு, துண்டைச் செருகினாள். மானுஸ் மேசையின் மூலையைக் கையால் அழுத்திப் பார்த்தான். அசையவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது பீனாதான், மேசைக்கு அடியிலிருந்து.

அறுத்த இடத்தில் அவன் புது ரப்பர்ப் பட்டையை வைத்துத் திருகாணி போட்டான். வியாழக்கிழமை, விடியும் வேளை. புல்லில் உறைபனி. ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாக பீனா மறுபடி அந்த மணல் மூட்டைமேல் குனிந்தாள். கட்டை தோளுக்கு வந்தது. கன்னம் தானாக மரத்தில் படிந்தது. ஸ்கோப்பில் முழு வட்டம், பிசிறில்லாமல். புருவத்துக் காயம் லேசாகத் துடித்தது. அடிக்கப்போகிறது என்று உடம்பு சொன்னது. அடிக்காது, மானுஸ் அளந்தது என்று அவள் உடம்புக்குச் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது மானுஸ் அடுப்பருகே நின்று காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"மூணும் உள்ளதானே?"

"ஃப்ரிக்கி போன் பண்ணிட்டானா?"

"கொல்லையில நின்னு கேட்டேன். விடியக்காலம் சத்தம் இங்க வரைக்கும் வருது. மூணும் ஒரே இடைவெளி. பயந்தவ மூணாவதுக்கு நேரம் எடுத்துப்பா."

ஃப்ரிக்கி அட்டையை மேசைமேல் போட்டு, காப்பித் தட்டை அதன்மேல் கவிழ்த்தான். மூன்று ஓட்டையும் தட்டுக்கு அடியில் மறைந்தன. பழக்கதோஷத்தில் கோப்பையை ஜாக்கிரதையாக வைத்தவன், "என்ன இது, மேசை ஆடலியே?" என்று குனியப் போனான். "காப்பியக் குடிடா" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மானுஸ் ஜூலியஸுக்குப் போன் போட்டான். "நம்ம வீட்ல இருந்து பீனா சுடுறா. தட்டு வச்சுப் பாத்தாச்சு. பெரிய தட்டு இல்லடா, சின்னத் தட்டு." அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, "எங்க சுடணும்னு அவகிட்டயே கேளு" என்று போனை நீட்டினான்.

"தோள்ல. மத்த மானுக்குச் சுடறதைவிடத் தாழ்வா" என்றாள் பீனா. "கெம்ஸ்பொக்குக்கு இதயம் கீழ இருக்கு."

"சமைக்கவும் செய்வியா?" என்றது ஜூலியஸின் குரல்.

"விறகு காய்ஞ்சிருந்தா."

வெள்ளிக்கிழமை விடியலில் பிக்கப்பை ஏற்றினார்கள். எல்லாம் மானுஸ் சொன்ன ஒழுங்கில்தான்: அடியில் விறகு, அதன்மேல் உப்பு, ஓரத்தில் தண்ணீர்க் கேன்கள், கைக்கெட்டும் தூரத்தில் ரஸ்க் டப்பா. மானுஸ் கம்பளி மேல்சட்டையோடு கொல்லையில் நின்று, இதை அங்கே வை, அதை இங்கே நகர்த்து என்று அதட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் திரும்புவதற்குள் பின் அறையில் கறி தொங்கவிடக் கம்பி இழுத்துவைப்பது அவன் வேலை. நின்றபடியே செய்யக்கூடிய வேலை. "நீ மானைக் கொண்டு வா. உப்பும் மல்லியும் நான் பாத்துக்கிறேன்" என்றான்.

"மல்லியக் கருக்கிடாதே. வறுக்கும்போது பேசாதே."

"யாரோட பேசுறது? சிலந்தியத்தான் நீ கூட்டித் தள்ளிட்டியே."

அவள் அவன் கன்னத்தில் முத்தமிட்டு, முன் சீட்டில் ஏறினாள். ஃப்ரிக்கி வண்டியைக் கிளப்பினான். வாசல் கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பியிருப்பார்கள். பின்னால் ஒரு குரல். பீனா ஜன்னலை இறக்கித் திரும்பிப் பார்த்தாள். மானுஸ் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையை உயர்த்தி ஆட்டியபடி, நடக்கக்கூடாத வேகத்தில் நடந்து வந்துகொண்டிருந்தான்.

"நிறுத்து, நிறுத்து! விழுந்து தொலையப்போறான்."

மூச்சு வாங்க வந்தவன், மேல்சட்டைப் பையிலிருந்து துப்பாக்கியின் போல்டை எடுத்தான். குண்டைத் தள்ளிப் பூட்டுகிற அந்த இரும்பு இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் தடி. முந்தின இரவு எண்ணெய் போட்டுத் துடைத்தவன், பூட்டாமல் பையில் போட்டுக்கொண்டு, அதோடே தூங்கியும் போயிருக்கிறான்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவை மறந்திருப்பேனா?" என்றான், தானே நம்பமுடியாமல்.

"இது இல்லாம போயிருந்தா அண்ணி மானைக் கெஞ்சித்தான் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றான் ஃப்ரிக்கி.

பீனா கையை நீட்டி வாங்கினாள். வெளியே குழாய்த் தண்ணீர் உறைந்து கிடந்த அந்தக் காலையில், இரும்பு அவன் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அதை ஜாக்கெட்டின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

"தோள்ல" என்றான் மானுஸ்.

"தாழ்வா. தெரியும். உள்ள போ, குளிருது."

அவன் போகவில்லை; ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றான். ஃப்ரிக்கி எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, வேற எதாவது பையில இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. அங்க போய்க் குண்டும் இல்லைன்னா ஜூலியஸ் ஊர் பூரா சொல்லிச் சிரிப்பான்."

மானுஸ் நிஜமாகவே இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினான். ஒன்றில் பென்சில் துண்டு, மற்றதில் கொஞ்சம் மரத்தூள். மரத்தூளைத் தெருவில் உதறிவிட்டு, விளிம்பிலிருந்து கையை எடுத்து, பிக்கப்பின் கதவை இரண்டு தட்டுத் தட்டினான்.

"சரி, போங்க. வெயில் ஏறுறதுக்குள்ள போயிடணும்."